குமுதா விற்ற காரட் மாத்திரை

செத்துப்போன அண்ணன் குமுதாவைத் தேடி வருவது பட்டப்பகலில்தான். ராத்திரியில் வந்தால் கனவு என்று துடைத்துப் போட்டுவிடலாம். அவர் வருவது கையுறைத் தொழிற்சாலைக்கு. குமுதா நூறு நூறாகக் கையுறைகளை அடுக்கிப் பெட்டிக்குள் தள்ளிக்கொண்டிருப்பாள். எதிர்ப்பக்கம் நேப்பாளத்துப் பெண் நிற்க வேண்டிய இடத்தில் அண்ணன் மாயாண்டி நிற்பார். லோரி ஓட்டும்போது போடுகிற அதே கட்டம் போட்ட சட்டை. திட்ட மாட்டார், அழ மாட்டார். உள்ளங்கையை நீட்டுவார். அது மஞ்சளாக இருக்கும். "ரெண்டு குடு தங்கச்சி" என்பார், கடையில் மிட்டாய் கேட்பதுபோல.

கண்ணை மூடித் திறந்தால் நேப்பாளத்துப் பெண் நிற்பாள். "காக்கா, சாக்கிட்?" என்பாள், அக்கா, உடம்பு சரியில்லையா என்று மலாயில். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று குமுதா தலையாட்டிவிட்டு அடுத்த பெட்டியை இழுத்துக்கொள்வாள். அண்ணன் ஆவியாக வந்திருக்கிறார் என்று அந்தப் பிள்ளையிடம் மலாயில் சொல்வதற்குள் மேற்பார்வையாளர் வந்துவிடுவார்.

குமுதாவுக்கு ஐம்பத்தாறு வயது. பிறந்தது சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா காய்ச்சலில் போனபோது அவளுக்கு ஆறு வயது, மாயாண்டிக்குப் பதினான்கு. மறுவாரமே பள்ளிச் சட்டையைக் கழற்றிவிட்டு ரப்பர்ப் பால் வாளியைத் தூக்கியவர் அவர். தங்கச்சி மட்டும் படிக்க வேண்டும் என்று பிடிவாதம். சைக்கிள் பின்னால் உட்காரவைத்துப் பஸ் நிற்கும் சாலை வரை மிதிப்பார். அந்த மிதிப்பில்தான் அவள் படிவம் ஐந்து வரை, பதினோரு வருஷம், படித்தாள். பிறகு பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டார்கள். குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அண்ணன் ஈப்போவுக்கு வந்து லோரி ஓட்டினார். குமுதாவுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். மூன்றாம் வருஷம் சிங்கப்பூர் வேலைக்கென்று போன புருஷன் போனவன்தான். வயிற்றுப் பிள்ளையோடு நின்றவளை லகாட்டில் இருந்த தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணி கருப்பம்மாளும் முகம் சுளிக்கவில்லை. இதையெல்லாம் குமுதா மறந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறக்கிற ஜாதி இல்லை அவள்.

மகள் தினேஸ்வரி வளர்ந்து ஜொகூருக்கு வேலைக்குப் போன பிறகு குமுதா ஈப்போவில் ஒரு பிளாட்டுக்குக் குடிவந்தாள். வீடு காலியாகிவிட்டது, மாலை நேரம் நீண்டுவிட்டது. அந்தச் சமயம் பார்த்துத் தொழிற்சாலைத் தோழி பெர்னடெட் அவளை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். ஹோட்டல் மண்டபம், குளுகுளு அறை, மேடையில் கோட்டுப் போட்ட ஆள். ஒரு ஆப்பிளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் எலுமிச்சைச் சாறு பிழிந்தான். கொஞ்ச நேரத்தில் சாறு படாத பாதி கறுத்தது. சாறு பட்ட பாதி அப்படியே இருந்தது.

"நம்ம உடம்பும் இப்படித்தான் உள்ளுக்குள்ள துருப் பிடிக்குது. துருவைத் தடுக்கிறதுக்குப் பேருதான் ஆன்டிஆக்சிடன்ட்" என்றான்.

பிறகு ஆரஞ்சு நிற மாத்திரையைத் தூக்கிக் காட்டினான். காரட்டுக்கு நிறம் கொடுக்கிற சத்து, பீட்டா கரோட்டின். ஆனால் இது செம்பனைப் பழத்திலிருந்து எடுத்தது என்றான். எந்தச் செம்பனை தன்னைத் தோட்டத்திலிருந்து துரத்தியதோ அதே செம்பனை ஐந்து நட்சத்திர ஹோட்டலில் மருந்தாகி நிற்கிறதே என்று குமுதாவுக்கு ஆச்சரியம். கூட்டம் முடிகிறபோது சில பெண்களை மேடைக்கு அழைத்துச் சட்டையில் தங்க நிறப் பின் குத்தினார்கள். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். குமுதாவுக்கு வாழ்க்கையில் ஒருவரும் கைதட்டியதில்லை. அந்தப் பின் தனக்கும் வேண்டும் என்று ஆசைப்பட்டாள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆசைப்பட்டதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஏஜென்டாகச் சேர்ந்து நன்றாகவே விற்றாள். வாய்ப்பேச்சு இருந்தது, படிவம் ஐந்து படித்த இங்கிலீஷ் இருந்தது. வீடு வீடாக ஆப்பிள் வெட்டினாள். ஊரெல்லாம் அதைக் காரட் மாத்திரை என்றது. தங்கப் பின்னுக்கு இன்னும் ஒரே ஒரு நிரந்தர வாடிக்கையாளர் தேவை என்ற நிலையில் தைப்பூசம் வந்தது.

மாயாண்டிக்கு ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி சிகரெட். ஆனால் வருஷா வருஷம் காவடிக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் பிடிப்பார். அந்த நாற்பத்தெட்டு நாளும் சிகரெட்டைக் கையால் தொட மாட்டார். புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயில் வரை காவடி தூக்கி, இறக்கி வைத்து, தீபாராதனை பார்த்துவிட்டு, கோயில் எல்லை தாண்டியதும் முதல் காரியமாகப் பற்றவைப்பார். அதை அவர் ஒளித்ததும் இல்லை. "முருகனுக்கு நாப்பத்தெட்டு, மிச்சம் எனக்கு" என்று சிரிப்பார்.

அந்த வருஷம் அப்படி நடக்கவில்லை. காவடிக்கு அடுத்த நாள் மத்தியானம் குமுதா லகாட் வீட்டுக்குப் போனாள். அண்ணி அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் பின்வாசல் படியில் வெறும் உடம்போடு உட்கார்ந்திருந்தார். முதுகில் அலகு குத்திய புள்ளிகள் இன்னும் சிவப்பாக இருந்தன.

"நேத்து இறக்கி வச்சதுலேருந்து தொடல தங்கச்சி. காலையிலயும் கை தேடல. அப்படியே விட்டுறலாமான்னு பாக்குறேன்" என்றார்.

அந்த இடத்தில் ஒரு தங்கச்சி என்ன சொல்ல வேண்டும்? "விடுண்ணே" என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. குமுதாவின் பையில் புதுப் பாட்டில் இருந்தது, மனசில் மேடை இருந்தது.

"விட்டா நல்லதுதாண்ணே. முடியலன்னா மனசப் போட்டு ஒழப்பிக்காத. இத தெனம் ரெண்டு போடு. பொகை உள்ள போயி என்ன பண்ணுமோ அத இது தொடச்சிரும்லா. துருப் பிடிக்காது."

மாயாண்டி பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "லோரிக்குக் கிரீஸ் அடிக்கிற மாதிரியா?"

"அதே மாதிரிதாண்ணே."

படிவம் ஐந்து படித்த தங்கச்சி சொல்கிறாள். தான் சைக்கிள் மிதித்துப் படிக்க வைத்த படிப்பு பேசுகிறது. அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்? மூன்றாம் நாள் பற்றவைத்தார். பற்றவைக்கும் முன் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு, விழுங்கிவிட்டேன் பார் என்று குமுதாவிடம் நாக்கை நீட்டிக் காட்டினார். அந்த மாதம் அவளுக்குத் தங்கப் பின் குத்தினார்கள். கைதட்டலில் அண்ணன் கைதான் ஓங்கி ஒலித்தது.

ஐந்து வருஷம் விடாமல் போட்டார். இருமல் கூடினால் மூன்றாகப் போட்டுக்கொள்வார். உள்ளங்கையும் பாதமும் மஞ்சள் பூத்தன. காமாலையோ என்று அண்ணி பயந்தாள். மருந்து வேலை செய்கிறது என்று குமுதா அண்ணன் கையைப் பிடித்து வாடிக்கையாளர்களுக்கே காட்டியிருக்கிறாள். ஐந்தாம் வருஷம் சளியில் இரத்தம் வந்தது. நுரையீரலில் புற்றுநோய், முற்றிப்போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். நான்கே மாதம். கடைசி வாரம்கூட, "தங்கச்சி மாத்திரை இல்லன்னா முன்னாடியே போயிருப்பேன்" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமையடித்தார். குமுதாவும் அதை நம்பினாள். நம்பியதால்தான் அழுது முடிக்க முடிந்தது.

ஏஜென்ட் வேலை அத்தோடு நின்றது. கம்பெனியும் எங்கேயோ போய்விட்டது. வீட்டில் மிச்சமிருந்த பாட்டில்களை மாயாண்டியின் மகன் ரூபன் போட்டுத் தீர்த்தான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது. அப்பனின் லோரி, அப்பனின் சிகரெட், இரண்டுக்கும் வாரிசு. இந்த வருஷத் தொடக்கத்தில் போன் செய்தான். "அத்தே, அப்பா போட்ட மாத்திரை முடிஞ்சிருச்சு. எங்கயாவது கெடைக்குமா பாருங்கலா." குமுதா சந்தோஷமாகப் புறப்பட்டாள். அண்ணன் பிள்ளைக்கு ஒரு நல்லது செய்வோம் என்ற சந்தோஷம்.

பிளாட்டுக்குக் கீழே புதிதாக ஒரு மருந்துக்கடை திறந்திருந்தார்கள். மருந்தாளர் தமிழ்ப் பெண், ஷர்மினி. தினேஸ்வரி வயதுதான் இருக்கும். அதே மாதிரி ஆரஞ்சு மாத்திரை பாட்டில் ஒன்றை எடுத்துவிட்டுக் கேட்டாள். "யாருக்குக்கா?"

"அண்ணன் மகனுக்கு. லோரி ஓட்டுறான்."

"ரொக்கோ, சிகரெட்டு குடிப்பாரா?"

"குடிப்பான். அதுக்குத்தானே இது."

ஷர்மினி பாட்டிலைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டாள். "ரொக்கோ குடிக்கிறவங்களுக்கு இது கூடாதுக்கா."

பிள்ளைக்கு விவரம் போதவில்லை என்று நினைத்துக் குமுதா ஆப்பிளையும் எலுமிச்சையையும் எடுத்துச் சொன்னாள். ஷர்மினி பொறுமையாகக் கேட்டாள்.

"சாப்பாட்டுல வர்றது நல்லதுதான். காரட்டு, பரங்கிக்காய், கீரை, பப்பாளி எல்லாம் தாராளமா சாப்பிடட்டும், பயமில்ல. இது அப்படி இல்ல. அதே சத்த நெறைய சேத்து மாத்திரையில அடைச்சது. வெளிநாட்டுல ஆயிரக்கணக்கான ரொக்கோ குடிக்கிறவங்களுக்கு வருஷக்கணக்கா குடுத்துப் பாத்தாங்க. நுரையீரல் புத்துநோய் கொறையும்னுதான் குடுத்தாங்க. கூடிருச்சு. ஒரு ஆராய்ச்சிய பாதியிலயே நிறுத்திட்டாங்க."

"இது எப்ப?"

"நான் பொறக்கிறதுக்கு முன்னாடிக்கா."

குமுதா விரல் விட்டு வருஷங்களை எண்ணினாள். "ஒருத்தரு அஞ்சு வருஷம் போட்டிருந்தா?"

"இப்ப எப்படி இருக்காரு?"

குமுதா அலமாரியில் இருந்த பாட்டிலையே பார்த்தாள். ஷர்மினிக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். "ஒரு ஆளுக்கு எதனால வந்துச்சுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாதுக்கா. ரொக்கோ ஒண்ணே போதும் அதுக்கு. மாத்திரை இல்லன்னாலும் வந்திருக்கலாம்."

ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழலாம். இல்லை என்றால் கும்பிட்டுவிட்டு வரலாம். யாராலும் சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு மனுஷி என்ன செய்வாள்? அன்றைக்கு மறுநாள்தான் மாயாண்டி முதல்முறையாகத் தொழிற்சாலைக்கு வந்து கையை நீட்டினார்.

மாத்திரையைப் பற்றித்தான் யாராலும் சொல்ல முடியாது. பின்வாசல் படியில் சொன்ன வார்த்தை அப்படியில்லை. விடுகிறேன் என்று சொன்ன மனுஷனை விடாமல் செய்தது எந்த ஆராய்ச்சியும் வேண்டாத உண்மை. அதைக் கேட்டவர் ஒருவர், சொன்னவள் ஒருத்தி. கேட்டவர் போய்விட்டார்.

ரூபனிடம் ஸ்டாக் இல்லை என்று சொல்லிச் சமாளித்தாள். ஒரு மாதம் கழித்து அவனே போன் செய்தான். "ஆன்லைன்ல கெடைச்சிருச்சு அத்தே. மூணு பாட்டல் வாங்கிட்டேன்." அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். போடாதே என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று சொன்னால் அப்பாவுக்கு என்று ஆரம்பிப்பான். அப்பாவிடமிருந்து நேரே அந்தப் படிக்கட்டுக்கு வந்து நிற்கும். கருப்பம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது? மகள் தூரத்தில் இருக்க, குமுதாவுக்குப் பக்கத்தில் இருப்பது அந்த ஒரு வீடு, அந்த இரண்டு பேர். நல்ல நாள் போகட்டும், நேரில் போய்ச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள். நல்ல நாட்கள் வரிசையாக வந்தன. அவன் அங்கே தினம் இரண்டு விழுங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நாளும் அவளுக்கு அது தெரியும்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் இறந்தவர்களுக்குப் படையல். மாயாண்டிக்கு இது மூன்றாவது. குமுதா லகாட் வீட்டுக்குப் போனபோது படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. தலைவாழை இலையில் ஆட்டுக்கறி, முட்டை, இடியாப்பம், பக்கத்தில் புதுச் சட்டை, ஒரு பாட்டில் கறுப்பு பீர். செத்தவருக்கு எது பிடிக்குமோ அதை வைக்க வேண்டும். அதில் நல்லது கெட்டது பார்க்கிற வழக்கமில்லை. ரூபன் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து இலை ஓரத்தில் வைத்தான். புகை படத்தின் மீது ஏறியது. கருப்பம்மாள் அவனுடைய பாட்டிலைத் திறந்து இரண்டு ஆரஞ்சு மாத்திரையை எடுத்துச் சிகரெட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அவருக்கு ரெண்டும் சேந்து வேணும்லா" என்றாள்.

ரூபன் அதே பாட்டிலிலிருந்து தனக்கும் இரண்டைக் கையில் கொட்டிக்கொண்டான். விளக்கு வெளிச்சத்தில் குமுதா அவன் உள்ளங்கையைப் பார்த்தாள். மஞ்சள் பிடிக்க ஆரம்பித்திருந்தது.

"போடாத" என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

"என்ன அத்தே?"

"கீழ போடுடா!"

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மருந்துக்கடையில் கேட்டது, எட்டு மாதமாக மறைத்தது, ஒன்றையும் விடவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம், ரூபனைக் காப்பாற்ற அவ்வளவு போதும். ஆனால் புகை அண்ணன் முகத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது பாதிக் கதை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. காவடிக்கு அடுத்த நாள் மத்தியானத்தையும் சொன்னாள். அண்ணன் என்ன சொன்னார், தான் என்ன சொன்னாள், தங்கப் பின்னுக்கு ஒரு ஆள் குறைந்திருந்தது, எல்லாம்.

ரூபன் கையிலிருந்ததைக் குப்பைக் கூடையில் கொட்டினான். பாட்டிலையும் போட்டான். அத்தையை நிமிர்ந்து பார்க்காமல் வெளியே போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையில் ஒரு சிகரெட் இருந்தது. அவன் அதைப் பற்றவைக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

கருப்பம்மாள் மட்டும் அசையாமல் நின்றாள். அடிப்பாள் என்று குமுதா எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"விட்டுறலாம்னு பாக்குறேன்னாரா?"

"ஆமா அண்ணி."

"அவரு வாயாலயே?"

"ஆமா."

கருப்பம்மாள் இலை முன்னால் மெதுவாக உட்கார்ந்தாள். "அன்னிக்குக் காலையில நான் என்ன சொன்னேன் தெரியுமா ஒனக்கு? காவடி எறக்கி வச்ச மனுசன் மறுநாளே லோரி எடுத்துக்கிட்டு குவாந்தான் டிரிப்புக்குப் போறேன்னாரு. ஆத்திரம் தாங்கல. நாப்பத்தெட்டு நாள் நல்லவன் வேசம் போட்டாச்சுல்ல, போயி ஒன் ரொக்கோவையே கட்டிக்கன்னேன். அதுக்கு மூணாம் நாளு பத்த வச்சாரு. நான் சொன்ன சொல்லுதான்னு நெனச்சேன். எட்டு வருசம், குமுதா. ஆஸ்பத்திரியில அவரு இருமினப்பல்லாம் நான் சொன்னதுதான் எனக்குக் கேட்டுச்சு. யார்கிட்ட சொல்ல முடியும் இத?"

ஒரே வீட்டில் ஒரே மனுஷன், இரண்டு பொம்பளைகளுக்குத் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் வாயைத் திறக்காத எட்டு மாதமும் அண்ணி தன் பங்குக்குத் தனியாக வெந்திருக்கிறாள்.

கருப்பம்மாள் இலையைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு மாத்திரையையும் சிகரெட்டையும் எடுத்து அப்பால் வைத்தாள். சூடம் காட்டும்வரை காத்திருக்காமல் இடியாப்பத்தைக் கறியோடு பிசைந்து ஒரு வாய் வைத்தாள். அப்புறம் இன்னொரு வாய். போன இரண்டு வருஷமும் படைத்த சாப்பாட்டை அண்ணி தொட்டதில்லை என்பது குமுதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வயிறு சரியில்லை, தலை சுற்றுகிறது என்று ஏதாவது சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள். கண்ணீர் இலையில் விழுந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. குமுதாவை உட்காரச் சொல்லவும் இல்லை.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தவள் தட்டில் சூடத்தை வைத்தாள். வருஷா வருஷம் சூடம் காட்டுகிறவள் குமுதா; வழக்கம்போலத் தட்டை வாங்கக் கையை நீட்டினாள். கருப்பம்மாள் தட்டைத் தன் பக்கமே வைத்துக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை.

"வருசா வருசம் வா. வராம இருந்துறாத, எங்களுக்கும் வேற யாரு இருக்கா? ஆனா இனிமே அவருக்கு நீ சூடம் காட்ட வேணாம் குமுதா."

சூடம் காட்டச் சொல்லி, வெளியே பார்த்து ரூபனைக் கூப்பிட்டாள்.